இலக்கணப்படி பனியன்

இந்த ஸ்னோ அள்ளுகிற சவள் உம்முடைய முழங்காலில் இடிக்கிறதா தம்பி? இந்தப் பக்கம் சரித்து வைக்கிறேன். இல்லை, நீர் பிடிக்க வேண்டாம். சரி, பிடியும். ஒன்று மட்டும் கவனம், பிடியில் தொங்குகிற அந்த அட்டையை இழுத்துவிடாதேயும். அது இருந்தால்தான் கடையில் திருப்பி எடுப்பான்.

நீர், உம்முடைய என்று கதைக்கிறேன் என்று கோபிக்கக் கூடாது. எங்கள் பக்கம் அது மரியாதைதான். 'நீ'க்கு மேலே, 'நீங்கள்' என்பதற்குக் கீழே, நடுவில் ஒரு படி. நீர் தமிழ்நாடுதானே? ஃபோனில் கதைத்தது கேட்டது. எந்த இடம்? திருப்பூர் இல்லையே?

சேலமா. நல்லது. சேலத்தில் மாம்பழம்தானே. மாம்பழத்துக்கும் எனக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை.

சாய்ந்து இரும். இந்த பஸ் இனி அரை மணித்தியாலத்துக்கு அசையாது. ஏற்றத்தில் முன்னுக்குப் போன பஸ் வழுக்கிக் குறுக்கே நிற்கிறது பாரும். ஸ்னோ ட்ரக் வந்து வழித்து, உப்புப் போட்டால்தான் வழி. எப்போது வரும் என்று நகரசபையைக் கேட்டால், 'ஒழுங்கின்படி வரும்' என்பார்கள். அந்த ஒழுங்கு எனக்கு மனப்பாடம். முதலில் பெருந்தெருக்கள். பிறகு பஸ் ஓடுகிற வீதி, ஆசுபத்திரி வீதி, தீயணைப்பு நிலையத்து வீதி. பிறகு உள்வீதிகள். எல்லாம் முடிந்து, ட்ரக்குக்காரர் கோப்பி குடித்து, ஸ்னோ விழுந்ததையே எல்லோரும் மறந்த பிறகு, முட்டுத் தெரு. அந்தப் பக்கம் வழியில்லாத தெரு. இங்கே அதற்குக் 'கோர்ட்' என்று பெயர். கோர்ட்டில் வீடு விற்பனைக்கு இருக்கிறது என்று புரோக்கர் சொன்னபோது, நீதவான்மார் குடியிருக்கிற இடமாக்கும் என்று நினைத்தேன். வாங்கி இருபத்திரண்டு வருடம். பதினாலு வீடு. தெரு போய் முட்டுகிற வளைவில் என்னுடையது.

முட்டுத் தெருவின் வளைவில் வீடு இருந்தால் என்ன நடக்கும் என்று தெரியுமா? ட்ரக் உள்ளே வரும், வட்டமடிக்கும், வெளியே போகும். வட்டமடிக்கிறபோது முன்னால் தள்ளுகிற அலகில் சேர்ந்ததை எல்லாம் எங்கே விடும்? வளைவில் விடும். வளைவில் நான் கார் விடுகிற ட்ரைவ்வேயின் வாய். நீர் காலையில் எழும்பி உள்ளே எல்லாம் அள்ளித் துப்புரவாக்கி வைப்பீர். ட்ரக் வந்து வாசலை அடைத்து ஒரு மதில் கட்டிவிட்டுப் போகும். சும்மா ஸ்னோ இல்லை. நசுங்கி, உப்பும் மண்ணும் சேர்ந்து, ஒரு மணித்தியாலத்தில் கல்லாகிவிடும். நகரசபை அதற்கு ஒரு இங்கிலிஷ் பெயர் வைத்திருக்கிறது. நான் வரம்பு என்பேன். வயலில் வரம்பு கட்டுகிற மாதிரியே, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நேராக. இப்போது எங்கள் தெருவில் சீனாக்காரரும் வரம்பு என்றுதான் சொல்லுகிறார்.

அந்த வரம்போடு நான் இருபத்திரண்டு வருடம் போராடியிருக்கிறேன் தம்பி. தனி ஆளாக.

எப்படியென்றால், ஃபோனில். நகரசபைக்கு ஒரு இலக்கம் இருக்கிறது. அழைத்தால் முதலில் ஒரு இசை. நாற்பது நிமிடம் அந்த இசையைக் கேட்டிருக்கிறீரா? புல்லாங்குழல் மாதிரித் தொடங்கி, தண்ணீர்ப் பைப் அடைத்த மாதிரி முடியும். அதைக் கேட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்க வேண்டும். ஏன் ஜன்னல் என்றால், ஃபோனை எடுக்கிற பெண் கேட்பாள், 'இப்போது எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம்?' என்று. பார்த்துச் சொல்ல வேண்டுமே. கடைசி எட்டு வருடமாக ஷெரில் என்கிற ஒருத்திதான் பெரும்பாலும் எடுப்பாள். என் குரல் கேட்டதும், 'மிஸ்டர் லிங்கம், எத்தனை அங்குலம்?' என்பாள். தியாகலிங்கம் என்று முழுப்பெயர் சொல்ல அவளுக்கு வராது. ஒவ்வொரு முறைப்பாட்டுக்கும் ஒரு குறிப்பு எண் தருவாள். நான் கொப்பியில் எழுதி வைப்பேன். மூன்று கொப்பி முடிந்துவிட்டது.

கஷ்டம் என்னவென்றால், நான் உயரம் சொல்லிக்கொண்டிருக்கிறபோதே அது குறைந்துகொண்டு போகும். மங்கை வெட்டிக்கொண்டிருப்பாள்.

மங்கை என்றால் என் மனிசி. மங்கையர்க்கரசி. வயோதிபர் இல்லம் ஒன்றில் சமையலறைக்குப் பொறுப்பு. ஏழு மணிக்கு வேலை, ஆறேகாலுக்குக் கார் வெளியே வர வேண்டும். ஆகவே அவள் ஐந்தரைக்கே சவளோடு இறங்கிவிடுவாள். நான் ஜன்னலைத் தட்டி, 'கொஞ்சம் பொறும், அளவு கேட்கிறாள்' என்று கையைக் காட்டுவேன். அவள் நிறுத்த மாட்டாள். ஷெரிலுக்கு நான் பதினெட்டு அங்குலம் என்று சொல்லி வாய் மூடவில்லை, அங்கே பத்து அங்குலம்தான் நிற்கும். பொய்க்காரனாகி விடுவேன். இப்படித்தான் என்னுடைய எத்தனையோ நல்ல முறைப்பாடுகள் வீணாய்ப் போனது. மங்கைக்கு நல்ல மனம், ஆனால் பொறுமை கிடையாது.

ஒரு வருடம் நடைபாதையைப் பற்றி முறையிட்டேன். 'வளைவில் நடைபாதை மூன்று நாளாக வழிக்கப்படவில்லை, ஆட்கள் விழப் போகிறார்கள், உடனே யாரையாவது அனுப்பு' என்றேன். ஷெரில் அனுப்பினாள். ஒரு இன்ஸ்பெக்டர் வந்து படம் எடுத்து, என் கதவைத் தட்டி, என் கையில் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தைத் தந்தான். 'வீட்டு முன்னால் உள்ள நடைபாதையை வீட்டுக்காரர்தான் வழிக்க வேண்டும் ஐயா, பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள்' என்றான். 'முறையிட்டதே நான்தான்' என்றேன். 'மிகவும் நன்றி, உங்களைப் போல ஆட்கள் வேண்டும்' என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரம் மங்கை வேலைக்கு இரண்டு நாள் பிந்தினாள், நடைபாதையும் சேர்ந்துவிட்டதால்.

சிரியும், சிரியும். அது பரவாயில்லை. சிரிக்கக் கூடாத இடம் இனித்தான் வருகிறது.

போன மார்ச்சில் மங்கை சொன்னாள். சத்தம் போடவில்லை, சவளைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள். "இஞ்சை பாருங்கோ, அடுத்த விண்டருக்கு ஒருக்கா எண்டாலும் நான் இந்த வரம்பை வெட்ட வந்தால், அதுக்குப் பிறகு நான் இந்த வீட்டிலை இல்லை. தர்சிகாவின்ரை கொண்டோவுக்குப் போயிடுவன். வீட்டை வித்துப்போட்டு நீங்களும் வரலாம், வராமலும் விடலாம்."

தர்சிகா எங்கள் மகள். அடுக்குமாடி ஒன்றில் பதினேழாம் மாடியில் இருக்கிறாள். அங்கே ஸ்னோ கண்ணாடிக்கு வெளியே அழகாக விழும், அவ்வளவுதான். மங்கை சொன்னால் செய்வாள். எனக்கோ அந்த வீடுதான். பின்வளவில் கறிவேப்பிலைக்கென்றே ஒரு கண்ணாடி அறை கட்டி வைத்திருக்கிறேன் தம்பி. பதினேழாம் மாடியில் எங்கே கட்டுவது? ஆகவே இந்த விண்டருக்குள் அந்த வரம்புக்கு ஒரு முடிவு காண வேண்டும் என்று ஆகிவிட்டது.

மங்கை தானும் ஒரு வழி சொன்னாள். நகரசபையில் ஒரு படிவம் இருக்கிறதாம். அறுபத்தைந்து தாண்டியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ட்ரக் போன பிறகு பின்னால் ஒரு சின்ன வண்டி வந்து வரம்பைத் திறந்துவிட்டுப் போகுமாம். ஒரே ஒரு பக்கம். பிரிண்ட் எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவிட்டாள். நான் வாசித்தேன். கடைசி வரியில், 'என்னால் பனி அள்ள இயலாது என்று உறுதி கூறுகிறேன்' என்று இருக்கிறது. நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? எனக்கு அறுபத்தெட்டு. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. என்னால் இயலும். நான் அள்ளுவதில்லை, அது வேறு விஷயம். நகரசபைக்குப் பொய் எழுதிக் கொடுக்கச் சொல்கிறாளே என்று எனக்குக் கவலையாகவும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் போட்டி வந்தது.

நகரசபை ஒரு அறிவித்தல் விட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு ஸ்னோ ட்ரக்குக்கு மக்களே பெயர் வைக்கலாம், ஆகக் கூட வாக்குக் கிடைத்த பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுவோம், பெயர் கொடுத்தவரின் தெருவுக்கு அந்த ட்ரக் ஒரு நாள் வந்து போகும் என்று. வாசித்ததும் எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் ட்யூப் லைட் உபயம் கொடுத்தவர், வெளிச்சம் தன் வீட்டுப் பக்கம் விழ வேண்டும் என்று சொல்லித்தான் மாட்டுவித்தவர். பெயர் இருந்தால் உரித்து இருக்கும். எங்கள் பெயர் உள்ள ட்ரக் எங்கள் தெருவில் மதில் கட்டுமா? நகரசபையின் புல்லாங்குழலை இருபத்திரண்டு வருடம் கேட்டதை விட இது நல்ல வழி இல்லையா? நீரே சொல்லும்.

நான் நெல்லியோடை மக்கள் நலன்புரிச் சங்கத்தின் தலைவர். கனடாக் கிளை. உடனே கூட்டம் போட்டேன். மூன்று மணித்தியாலம், இரண்டு தரம் தேநீர். 'நெல்லியோடையான்' என்றார்கள். இங்கிலிஷ் எழுத்துப் பன்னிரண்டுக்கு மேல் போகக் கூடாதாம், இடிக்கிறது. செயலாளர் கனகேஸ்வரன் ஊர் அம்மனின் பெயரை வைப்போம் என்றார். உப்பும் சேறும் அள்ளி எறிகிற வாகனத்துக்கு அம்பாள் பெயரா என்று பாதிப் பேர் எழும்பி விட்டார்கள். அப்போதுதான் எனக்கு வந்தது. சும்மா வரவில்லை, இலக்கணத்தோடு வந்தது.

வேல் கூட அன் சேர்ந்தால் வேலன். மலை வந்தால் மலையன். இங்கே எல்லோரும் ஸ்னோ என்கிறோம், ஆனால் நல்ல தமிழில் என்ன? பனி. பனியை வெல்லுகிறவன், பனிக்கு உரியவன், பனி கூட அன். இகரத்துக்குப் பின்னால் அகரம் வந்தால் நடுவில் யகரம் தோன்றும், உடம்படுமெய், எட்டாம் வகுப்பில் படித்தது. பனி, ய், அன்.

பனியன்.

சிரிக்காதேயும்.

தம்பி, நான் சொல்வதை முழுதாகக் கேளும். எங்கள் பக்கம் உள்ளுக்குப் போடுகிறதைப் பெனியன் என்போம். பெ. பெ-னி-யன். அல்லது வெனியன். சபையில் முப்பத்தாறு பேர் இருந்தோம், முப்பத்தாறு பேரும் அரைக்கையும் கைவெட்டியதுமாகப் பெனியன் போட்டுக்கொண்டுதான் இருந்தோம், ஒருவருக்காவது தோன்றவில்லை. கை தட்டினார்கள். கனகேஸ்வரன் எழும்பி, 'பனியன் என்றால் ஒரு சோழ இளவரசன் மாதிரி இருக்குது' என்றார். ஒரே மனதாய் நிறைவேற்றினோம். பிறகு வீடு வீடாக ஃபோன். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், லண்டனில் உள்ளவர்கள்கூட வாக்குப் போடப் பார்த்தார்கள், கணினி விடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏதோ கரடிக்குட்டிப் பெயரில் நின்றார்கள். இரு நூற்றுப் பதினேழு வாக்கால் தோற்கடித்தோம்.

பெயர் சூட்டுகிற நாள், நகரசபை ட்ரக் தரிப்பிடத்தில். எங்கள் தெருவில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முருகவேல் என்று ஒருவர். நல்ல மனிதர், கேட்காமலே பாயசம் கொண்டு வந்து தருவார். அவரையும் அழைத்துப் போனேன், தமிழர்தானே என்று. பெயரை மூடியிருந்த சீலையை இழுத்தார்கள். இங்கிலிஷில் பெரிதாக, கீழே தமிழிலும். தமிழிலும் போட வேண்டும் என்று நின்று வாங்கியவன் நான். முருகவேல் பார்த்தார். ஒரு முறை இருமினார். பிறகு ட்ரக்கின் டயர்ச் சில்லைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நெஞ்சு வருத்தமாக்கும் என்று பயந்து ஓடினேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடுகிறது. "சார்... சார்... எங்க ஊர்லருந்து இத ஏற்றுமதியே பண்றோம் சார்!"

அவர் திருப்பூர். தாத்தா காலத்திலிருந்து பனியன் கம்பெனி.

ட்ரக்குக்கு முன்னால் நின்று படம் எடுத்து, 'கனடா குளிருக்கு நகராட்சியே பனியன் போட்டுவிட்டது' என்று எழுதி முகநூலில் போட்டார். இரண்டு நாளில் உங்கள் நாட்டில் ஒரு இலட்சம் பேர் சிரித்துவிட்டார்கள். ட்ரக்குக்கு அரைக்கை வரைந்து ஒருத்தன், கைவெட்டி வரைந்து இன்னொருத்தன். நீரும் பார்த்திருப்பீர். பார்த்தீரா? பார்த்துவிட்டு இவ்வளவு நேரம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தீரா? நல்ல சேலம்.

வீட்டுக்கு வந்து மங்கையிடம் சொன்னேன். அவள் பயறு வறுத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றாள். பின்னேரத்தில் தமிழ்நாட்டு நாடகம் பார்க்கிறவள் அல்லவா, அதில் ஆண்கள் அரைவாசி நேரம் பனியனோடுதானே நிற்கிறார்கள். "அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஃபோனிலை நிண்டனீங்கள்."

அவமானம் அவமானமாக இருக்கட்டும், காரியம் நடக்கட்டும் என்று ஷெரிலை எடுத்தேன். பனியன் எப்போது எங்கள் கோர்ட்டுக்கு வரத் தொடங்கும் என்று கேட்டேன். அவள் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, அது பெரிய ட்ரக், மெயின் வீதிக்கு மட்டும், கோர்ட்டுக்குள் திரும்ப இடம் போதாது, உங்கள் தெருவுக்கு வருவது நகரசபை ஒப்பந்தத்துக்கு எடுத்த வேறு கொந்தராத்துக்காரரின் சின்ன வண்டி என்றாள். 'படத்துக்காக ஒரே ஒரு நாள் வரும், திசம்பர் இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி' என்றாள். ஒரு நாள் உள்ளே வந்தால் வழி பழகிவிடும் என்று நான் நினைத்தேன். தேரும் முதல் முறை வளைவில் சிரமப்படும், பிறகு தானே திரும்பும்.

தேர் என்று சும்மா சொல்லவில்லை. எங்கள் ஊரில் தேர் வீதி வலம் வருகிறபோது ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிறைகுடம் வைப்போம். பனியன் வருகிற நாளும் அப்படியே செய்தேன். ட்ரைவ்வேயின் வாயில் மேசை, வெள்ளைத் துணி, குடம், தேங்காய், மாவிலை. மாவிலை பிளாஸ்டிக். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நாதஸ்வரம் ஸ்பீக்கரில். முந்திய இரவு ஏழு அங்குலம் விழுந்திருந்தது, நல்ல சகுனம். சங்கத்திலிருந்து நாற்பது பேர். நாற்பது பேருக்கும் மங்கை வடையும் மோதகமும் செய்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு மணிக்கு வேலை, வேறு யாரோ சுகவீனம் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

நாற்பது பேரும் நடந்தா வருவார்கள்? பத்தொன்பது கார். தெருவின் இரண்டு பக்கமும் நிறுத்தினார்கள். ஸ்னோ விழுந்த நாளில் தெருவில் கார் விடக் கூடாது என்று சட்டம் இருக்கிறதுதான், அந்தச் சட்டத்தைப் பற்றி நானே ஐம்பது தரம் முறையிட்டிருக்கிறேன். ஆனால் அது மற்ற நாளுக்கு. இது விழா.

பத்து பத்துக்குப் பனியன் வந்தது. தம்பி, என்னதான் சொன்னாலும், அந்த அலகைத் தூக்கிக்கொண்டு, மஞ்சள் விளக்குச் சுற்ற, தெரு முனையில் அது திரும்பியபோது கனகேஸ்வரன் கை எடுத்துக் கும்பிட்டார். இரண்டு பக்கக் கார்களுக்கு நடுவே மெதுவாக ஊர்ந்து வந்து வளைவில் நின்றது. ஓட்டி வந்தவர் பெரிய மீசைக்கார வெள்ளையர். கண்ணாடியை இறக்கி, நிறைகுடத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இனி என்ன செய்ய என்று கேட்கிற மாதிரிப் புருவத்தை உயர்த்தினார்.

நான் 'வாங்கோ' என்று கையைக் காட்டினேன். நாம் எப்படி வாங்கோ காட்டுவோம்? உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, நாலு விரலையும் கீழே மடக்கி மடக்கி. மரியாதைக்கு இரண்டு கையாலும் காட்டினேன். பின்னால் நின்ற சங்கத்தார் நாற்பது பேரும் காட்டினார்கள். 'வாங்கோ, வாங்கோ'.

அவர்களுக்கு அது வேறு பாஷை தம்பி. உள்ளங்கை கீழே என்றால் 'அலகை இறக்கு'.

இறக்கினார்.

தெரு முனை வரை பின்னுக்குப் போய், அங்கிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஏழு அங்குலம், பதினாலு வீட்டுத் தெரு. கார் நின்றதால் ஒரு பக்கமும் ஒதுக்க முடியாது, எல்லாம் நேராக எங்கே வரும்? மேசை போனது. விளக்குப் போனது. நாதஸ்வரம் கொஞ்ச நேரம் உள்ளுக்கிருந்து கேட்டது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் புல்லில் ஏறிவிட்டார்கள். ட்ரக் பின்னுக்குப் போய், முன்னுக்கு வந்து, பின்னுக்குப் போய், ஏழு தரம் அடித்துத் திரும்பி வெளியேறியபோது என் வாசலில் நின்ற வரம்பு இருக்கிறதே, என் நெஞ்சளவு. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒன்று கண்டதில்லை. மீசைக்காரர் போகிறபோது கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நல்ல மனிதர், சொன்னதைச் செய்தார்.

சங்கத்தாருக்கு உடனே நேரமாகிவிட்டது. வடையைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பத்தொன்பது காரும் போனது. பதினொன்றே முக்காலுக்கு மங்கை வேலை உடுப்போடு வெளியே வந்தாள். கார் உள்ளே. வரம்பைப் பார்த்தாள். நான் அப்போது ஃபோனில் இசை கேட்டுக்கொண்டிருந்தேன், ஆகவே முழுதாகக் கவனிக்கவில்லை. சவள் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கைப்பையைக் கழுத்தில் மாட்டி, நாலு காலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினாள். இறங்கித் திரும்பி, "நிறைகுடத்தைத் தேடி எடுங்கோ, அது அம்மா தந்தது" என்றாள். அவ்வளவுதான். அன்று வேலை முடிந்து கொண்டோவுக்குப் போனவள்தான்.

ஆறு கிழமை. உங்கள் கணக்கில் ஆறு வாரம். கார் இன்னும் உள்ளே. அதனால்தான் பஸ். நிறைகுடமும் உள்ளே. முருகவேல் வெட்டித் தருகிறேன் என்று சவளோடு வந்தார், ஆனால் வாய் ஓரம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். இப்போது வீடு விற்கிற புரோக்கரின் அட்டையை மகள் படம் எடுத்து அனுப்புகிறாள். கொண்டோ மெயின் வீதியில் இருக்கிறது. அந்த வீதிக்கு எந்த ட்ரக் என்று நினைக்கிறீர்? ஒவ்வொரு தரம் வழித்துவிட்டுப் போகிறபோதும் மங்கை மேலே இருந்து எழுதுவாள், 'உங்கடை ஆள் வந்திட்டுப் போறார்'. வேறு ஒரு வரியும் எழுத மாட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். ஆறு கிழமை, வேறு என்ன வேலை. பிழை எங்கே என்று பிடித்துவிட்டேன். பழைய சவள்! நாலு கிலோ. இரும்பு. பிடியும் நேர்ப் பிடி. அதை வைத்து இருபத்திரண்டு வருடம் வெட்டினால் யாருக்குத்தான் சலிக்காது? இது பாரும். ஒரு கிலோவும் இல்லை. வளைந்த பிடி, முதுகு நோகாது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. ஊதா நிறம் அவளுக்குப் பிடிக்கும். கையில் கொடுத்து, 'வாரும் மங்கை, வீட்டுக்குப் போவம்' என்று சொல்லப் போகிறேன். ஒரு வேளை வேண்டாம் என்றால், அதற்குத்தான் அட்டையைக் கிழிக்க வேண்டாம் என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்?

அந்தப் படிவமா? அது அங்கேயே ஒட்டியிருக்கிறது. நல்ல காந்தம்.

ஆ, அசைகிறது. மஞ்சள் விளக்குத் தெரிகிறதா? சொன்னேனே, வரும் என்று. கண்ணாடியைத் துடையும். எழுத்தை வாசியும். வாசிக்க வேண்டாம், மனதுக்குள் வாசியும். பின்னால் இருக்கிற பெடியள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இலக்கணப்படி அது சரியான சொல்.

இதுதான் நான் இறங்குகிற தரிப்பு, கொண்டோ வாசல். மணியை அழுத்திவிடும். வருகிறேன் தம்பி, சவளைத் தாரும். கதவு திறக்கிறது, ஆனால்... இங்கே பாரும். தரிப்பு முழுக்க அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். இடுப்பளவு. இப்போது, இந்த நிமிடம்தான் கட்டியிருக்கிறான், நான் வைத்த பெயரை முதுகில் எழுதிக்கொண்டு. ஷெரிலுக்கு ஒரு அழைப்பு...

பொறும். அந்தப் பக்கம் நிற்கிறது மங்கை இல்லையா? நீலக் கோட்டு. நான் வருகிறேன் என்று சொன்னதுக்குக் கீழே இறங்கி வந்திருக்கிறாள், பாரும்! ஆறு கிழமைக்குப் பிறகு! கையைக் காட்டுகிறாள். உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழும், மேலும் கீழும். பார்த்தீரா, 'வாங்கோ' என்கிறாள். நான் சொல்லவில்லையா, மங்கைக்கு நல்ல மனம் என்று.

என்ன? இல்லையா? வடிவாகப் பார்த்துச் சொல்லும். வாய் என்ன அசைகிறது?

வெட்டுங்கோ?

என்னையா? தானும் ஒரு கை பிடிக்கிற மாதிரி இல்லையா? கோட்டுப் பொக்கெற்றுக்குள் கையை வைத்துவிட்டாளா? இரண்டு கையையுமா?

சாரதி கத்துகிறான். இறங்கு, அல்லது அடுத்த தரிப்பு என்கிறான். அடுத்த தரிப்பு ஒரு கிலோமீட்டர். அங்கேயும் அடைத்திருப்பான், அவன் ஒழுங்கின்படி வேலை செய்கிறவன்.

சரி. தம்பி, ஒரு உதவி. கையுறை போட்டால் எனக்குப் பிடிபடாது, நீரே செய்துவிடும்.

அந்த அட்டையைக் கிழியும்.